‘காணப்பட்டது’ என்று மாற்றினேன், அண்ணே

என் அண்ணனுக்கு, வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டால் இன்னும் எட்டிப் பார்க்கும் தங்கை எழுதுவது.

பொறியியல் மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் ஆய்வுக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுத்தீர்களே, நீங்கள் போனதும் அந்த வகுப்பு நின்றுவிட்டது. பிறகு அவர்களே நம் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டார்கள். பெண்கள் பள்ளியில் ஆங்கில இலக்கணம் நடத்துகிறவளுக்கு மண்ணையும் சுவரையும் பற்றி என்ன தெரியும்? "எனக்குப் புரியிற மாதிரி முதல்ல சொல்லுங்க. அப்புறம் எழுதலாம்" என்றேன்.

பெருமாள் மட்டும் வரவில்லை. கிள்ளான் ரயில் பாதையில் மேட்டைத் தாங்கும் சுவரோடு மண் சரிவதைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவன். அதைப் பார்க்கத்தானே அவனோடு மழையில் போனீர்கள்? காய்ச்சலோடு திரும்பிப் படுத்தவர் எழுந்திருக்கவேயில்லை.

ஆள் அனுப்பினேன். வந்து தலைகுனிந்து நின்றான். "நான் கூப்பிடலேன்னா சார் வந்திருக்கவே மாட்டாரு, டீச்சர்."

"அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லு" என்றேன்.

சொன்னான். காற்சட்டையை மடித்துவிட்டுச் சேற்றில் இறங்கினீர்களாம். "தண்ணி மேலேருந்து வரலடா, சுவருக்குப் பின்னாலேருந்து கசியுது!" என்று கத்தினீர்களாம். சின்னப் பிள்ளைபோலச் சிரித்தீர்களாம். உங்களுடைய கடைசி நல்ல நாளை அவன் வாயால்தான் கேட்டேன், அண்ணே.

அதையே ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு வந்தான், ‘என் ஆசிரியர் முதலில் கண்டார்’ என்று. கட்டுரையில் ஆள் வரக்கூடாது, கண்டது மட்டும் வந்தால் போதும் என்பது நீங்கள் சொல்லிக்கொடுத்தது. அந்த வரியை அடித்துவிட்டு ‘காணப்பட்டது’ என்று மாற்றினேன்.

"சாரையே அடிச்சிட்டீங்களே, டீச்சர்!"

"அவர் இருந்தா அவரும் அடிச்சிருப்பாரு" என்றேன். சரியாகத்தான் செய்தேனா?

போன வாரம் இங்கே கோலாலம்பூரில் பொறியாளர்கள் கூட்டத்தில் அந்தக் கட்டுரையை வாசித்தான். ஒரு வெள்ளைக்காரர் எழுந்து, "காணப்பட்டது என்கிறாயே, யார் கண்டது?" என்று கேட்டாராம். பெருமாள் உங்கள் பெயரைச் சொன்னானாம். "என் ஆசிரியர். இப்போது அவர் இல்லை" என்றானாம். கேட்டவர் உட்கார்ந்துவிட்டாராம்.

அங்கே சுவருக்குப் பின்னால் வடிகால் வெட்டத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் மழை வந்தால் அம்மா இன்னும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுகிறாள். வேலை முடியட்டும். அவளை ரயிலில் அழைத்துப்போய், நீங்கள் சிரித்துக்கொண்டு நின்ற இடத்தைக் காட்டுவேன். மழை நாளாகப் பார்த்தே கூட்டிப்போவேன், அண்ணே.

உங்கள் கூடப்பிறந்தவள்,
காமாட்சி