மதிலைப் பார்த்து நின்றவர்கள்

ஹெட்போனின் பஞ்சு உதிர்ந்து காதில் கருப்புத் துகளாக ஒட்டிக்கொண்டது. பொத்தேரி பிரவுசிங் சென்டரை மூடியபோது அடிமாட்டு விலைக்கு வாங்கிய சாமான் இது. அந்த அறையின் வாடை இன்னும் அதில் இருக்கிறது: ஏசியின் ஈரம், பழைய கார்பெட், யாரோ தின்ற சமோசா. நேற்று அதை மாட்டிக்கொண்டு, வருஷக்கணக்கில் தொடாத நம் கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் மறுபடி போனேன் மச்சான். ஆடுவதற்காக இல்லை. நீ சொன்னது சரியா என்று பார்க்க.

நீயும் நானும் வாதாடிச் சண்டை போடுவதற்கென்றே ஒரு ஊர் அதில் இருந்தது. மற்றவர்கள் அரக்கர்களை வெட்டவும் வாள் வாங்கவும் ஓடுவார்கள். நீ அந்த ஊரிலேயே நிற்பாய். சுற்றிலும் உயரமான மதில். நடுவில் மன்னன் வெல்மாரின் சிலை. சிலைக்குக் கீழே கல்வெட்டு: கடலரக்கனின் சாபம் தீண்டாதிருக்க, மன்னர் தம் மக்களை மதிலுக்குள் குடியமர்த்திக் காத்தார். விடிந்ததும் அந்த ஊர் ஆண்கள் எல்லோரும் கிழக்கு மதிலுக்குப் போய், கல்லைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நிற்பார்கள். பிறகு கலைந்துவிடுவார்கள். அதைக் கண்டு உலகமெங்கும் ஆடியவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"பக் மச்சான். புரோகிராம் எழுதினவன் தூங்கிட்டான்," என்றேன்.

"பக்கும் இல்ல, கொக்கும் இல்ல. கடல பாத்துகினு நிக்கிறானுங்கடா."

"எங்கடா கடல்? செவுருதான இருக்கு."

"செவுத்துக்கு அந்தாண்ட இன்னா கீது? மேப்ப தொற."

திறந்தேன். மதிலுக்கு அப்பால் கடல்தான். கரையில் ஒரே ஒரு கட்டடம், மன்னனின் மாளிகை.

உன் குப்பத்தில் போட்டைத் தள்ளுவதற்கு முன் எல்லோரும் மணலில் நின்று கடலைப் பார்ப்பார்கள் என்று அன்றுதான் சொன்னாய். "எவனும் பேச மாட்டான். அல எப்டி ஒடையுது, தண்ணி எந்தப் பக்கம் இழுக்குது, அத்த பாத்துட்டுதான் போறதா வேணாமான்னு முடிவு. எங்கப்பா அப்ப நான் கூப்ட்டாகூட திரும்ப மாட்டாரு. நீ தாம்பரத்துக்காரன், ரயில தவிர இன்னாத்த பாத்த?"

அந்த ஊர்க்காரர்கள் மீனவர்கள், அவர்களைக் கரையிலிருந்து பிடுங்கி உள்ளே நட்டிருக்கிறார்கள், கல்வெட்டு சொல்வது பொய். இதுதான் உன் கட்சி. "அரக்கன் வருவான்னா, ராசா மட்டும் ஏண்டா கடலாண்ட மாளிக கட்டிகினு குந்தினுகீறான்?" என்று கேட்டாய். கதை எழுதியவனுக்கு மூளை இல்லை என்று மட்டும் சொன்னேன். அதற்குப் பிறகு வகுப்பை வெட்டிவிட்டு இந்த ஒரு கேள்விக்காக எத்தனை மத்தியானங்களை அந்த பிரவுசிங் சென்டரில் கழித்தோம். ஒவ்வொரு கல்லறையையும் உடைந்த பானையையும் கிளிக் செய்து ஆதாரம் தேடினாய். உங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன் நீ. பரீட்சைக்குக்கூட அப்படிப் படித்ததில்லை.

பிறகு சுனாமி வந்தது. உங்கள் வீட்டில் எல்லோரும் பிழைத்தீர்கள். போட் போயிற்று, வலை போயிற்று, வீட்டில் பாதிச் சுவர் நின்றது. சில மாதங்களில் உங்களை உள்ளே தள்ளிக் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்றினார்கள். கடலுக்கும் உங்களுக்கும் நடுவே சதுப்பு, சாலை, கண்ணாடி வைத்த கம்பெனிகள். உங்கள் பாதுகாப்பு கருதி என்று அறிவிப்பில் எழுதியிருந்ததை என்னிடம் படித்துக் காட்டிச் சிரித்தாய். "வெல்மார் நம்ம ஊருக்கே வந்துட்டாம்பா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் பழைய கரைக்குப் பக்கத்திலேயே ஒரு ரிசார்ட் இருந்தது. அதே அலைதான் அதன் சுவரையும் இடித்தது. அதை யாரும் உள்ளே தள்ளி வைக்கவில்லை. நீச்சல்குளத்துக்குப் புது டைல்ஸ் போட்டுத் திறந்தார்கள்.

அப்பாவுக்கு நிவாரணத்தில் போட் கிடைத்தது, கூடப் போக ஆள் கிடைக்கவில்லை. நீ கல்லூரியை விட்டாய். விடிவதற்கு முன்பே வலையை மொபெட்டில் கட்டிக்கொண்டு, முன்பு வாசலைத் தாண்டினால் இருந்த கடலுக்குச் சாலை வழியாகப் போனாய். கடலில் உனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜல்லி லாரி சாலையில்தான் வந்தது. மறுநாள் பேப்பரில் விபத்து என்று போட்டார்கள். அந்த ஒரு சொல்லில் எல்லோரும் தப்பித்துக்கொண்டார்கள்.

உன் கருமாதிக்கு முந்தின நாளே வந்து தங்கினேன். காலையில் பல் விளக்க மொட்டைமாடிக்கு ஏறியபோது, உன் அப்பாவும் இன்னும் சிலரும் கைப்பிடிச் சுவரோரம் கிழக்கே பார்த்து நின்றார்கள். எதிரே இன்னொரு பிளாக்கின் முதுகு. துவைத்த துணிகள், தண்ணீர்த் தொட்டி. யாரும் பேசவில்லை. "அப்பா" என்று கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை. ஆதாரம் போதுமாடா என்று நீ கேட்பதைப் போலிருந்தது. கேட்க நீ இல்லை.

அதனால்தான் நேற்று போனேன். எங்காவது ஒரு மூலையில், அவர்கள் மீனவர்கள் என்று அந்த விளையாட்டு ஒரு வரியாவது சொல்லியிருக்கும், அதைக் கண்டுபிடித்து உன் பெயரில் எழுதிவிடலாம் என்ற ஆசை. போனால், ஊர் மாறிவிட்டது. விடிகிறது, ஆண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு கிணற்றைச் சுற்றுகிறார்கள், பார்ப்பவனிடமெல்லாம் சிரிக்கிறார்கள். கிழக்கு மதிலோரம் யாரும் இல்லை. அதை ஆடுபவர்கள் இணையத்தில் பேசிக்கொள்ளும் விவாதப் பக்கத்தில் உன் விளக்கம் முழுவதையும் எழுதிப் போட்டேன். இன்று காலை பதில் வந்திருந்தது, அந்த ஊரை உருவாக்கியவர்களில் ஒருவரிடமிருந்து. மிக நல்ல கதை நண்பரே, ஆனால் அது அந்த ஆண்கள் நடக்க வழி கண்டுபிடிக்கும் கணக்கில் இருந்த பிழைதான், நானே சரிசெய்தேன் என்கிறார். மரியாதையான மனிதர். பொய் சொல்ல அவருக்குக் காரணமும் இல்லை.

ஆக, நீ தோற்றுவிட்டாய். உன்னிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அங்கே எந்த ரகசியமும் இல்லை. மன்னனின் மாளிகையைக் கரையில் வைத்தவன் அழகுக்காக வைத்திருப்பான். தாங்கள் என்ன எழுதினோம் என்று அவர்களுக்கே தெரியாது. கல்லைப் பார்த்து நிற்பவனின் முதுகிலிருந்து அவன் எதை இழந்தான் என்று சொல்ல உன்னால் முடிந்தது. அந்தப் பார்வை உன்னுடையது, விளையாட்டினுடையது இல்லை.

பதிலைப் படித்த கையோடு வேலைக்குக் கிளம்பினேன். மேடவாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோ. பக்கத்தில், தினமும் இதே நேரத்துக்கு ஏறும், கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட ஒருவர். உங்கள் குடியிருப்பைத் தாண்டும்போது என்னிடம் சொன்னார்: "ஃப்ரீயா வீடு குடுத்தாச்சு பாஸ். ஆனா விடிஞ்சா பாருங்க, எல்லாம் பீச்சுக்கே ஓடுது. அந்த ஆளுங்க மண்டையே அப்டித்தான்."

"நீங்க இப்ப எங்க சார் போறீங்க?"

"ஆபீஸுக்கு."

"அவங்களும்தான்."

அவர் அட்டையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வெளியே பார்த்தார். ஒப்புக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். சோழிங்கநல்லூர் வரும்வரை நான் வாதத்தை விடவில்லை மச்சான். நாளைக்கும் அதே ஆட்டோவில்தான் வருவார்.