மெம்பர் மச்சானுக்கு: நான் சொல் மீறப் போகிறேன்

என் உயிர் மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நீங்கள் மௌத்தாகி ஒரு வருடம் முடியப்போகிறது. உங்கள் பேரில் நினைவு மலர் போடுகிறார்களாம். இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள் என்று வீட்டுக்கு வந்து கேட்டார்கள். 'மர்ஹூம் மெம்பர் அவர்களின் அரசியல் பணி' என்று தலைப்பும் அவர்களே எழுதிக் கொண்டுவந்திருந்தார்கள். நான் அதை வெட்டிவிட்டு உங்களுக்கே எழுதுகிறேன். கலியாணம் முடித்த நாளிலிருந்து 'மச்சான்' என்றே கூப்பிட்ட வாய்க்கு 'மர்ஹூம் அவர்கள்' எங்கே வரப்போகிறது?

பெண்கள் நாங்கள் மையவாடிக்கு வருவதில்லை. ஆண்கள் வந்து உங்கள் கபுறடியில் சலாம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கு இந்தக் கடிதம்தான் வழி. ஊரும் படிக்கும். படிக்கட்டும். நீங்கள் இருந்த காலத்தில் நம் வீட்டில் ஊருக்குத் தெரியாமல் என்னதான் நடந்தது?

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்தால் உங்களுக்குப் பிடிக்காது. ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமை என் கையைப் பிடித்துக்கொண்டு, "புள்ளைகள இந்த அரசியலுக்குள்ள விட்டுராத ஜெமீலா" என்றீர்கள். நானும், "ஓம் மச்சான், விடமாட்டன்" என்றேன். அந்தச் சொல்லை நான் மீறப் போகிறேன். ஏன் என்பதை முழுக்கக் கேட்டுவிட்டுக் கோபப்படுங்கள்.

மாகாண சபைத் தேர்தல் வரப்போகிறது என்ற கதை திரும்பவும் கிளம்பியிருக்கிறது. ஓம், அதேதான். சபை கலைந்த நாளிலிருந்து 'இந்தா வருது, இந்தா வருது' என்று நீங்கள் காத்திருந்தீர்களே, அந்தத் தேர்தல். நீங்கள் போன பிறகு வருகிறது பாருங்கள். உங்களுக்கு ஒருநாளும் நேரம் சரியாக வாய்த்ததில்லை.

மலரில் உங்கள் வெற்றிகளை மட்டும் போடப் போகிறார்களாம். ஐந்து தரம் நின்று இரண்டு தரம் வென்ற மனிதனின் வரலாற்றில் வெற்றியை மட்டும் போட்டால் அரைப் பக்கம்கூட நிரம்பாதே! தோல்விகளை நான் சொல்லிவிடுகிறேன். எனக்கு உங்கள் தோல்விகள்தான் நன்றாக நினைவிருக்கின்றன, அவற்றைச் சமாளித்தவள் நான்.

முதல் தரம் உள்ளூர்ச் சபைக்கு நின்று வென்றீர்கள். அந்த வெற்றியில் முக்கால்வாசி என் தாய்வழிக் குடியுடையது. உம்மாவின் ஆட்கள், பெரியம்மாவின் ஆட்கள், அவர்களுடைய மருமக்கள் எல்லோரும் திரண்டு வந்து போட்டார்கள். நீங்களோ, "என்ட பேச்சுக்கு விழுந்த ஓட்டு" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள்.

அந்தப் பேச்சுதான் அடுத்த தேர்தலில் உங்களைக் கவிழ்த்தது. மாகாண சபைக்கு நின்றபோது மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது வரைக்கும் ஒவ்வொரு சந்தியிலும் ஒரே வசனம்: "கட்சியப் பாக்காதீங்க, என்ட இலக்கத்த மட்டும் பாருங்க!" என்ன கைதட்டல்! நம் சனங்கள் சொன்ன சொல் தட்டாதவர்கள். வாக்குச் சீட்டில் கட்சிச் சின்னத்துக்கு முன்னால் புள்ளடிக் குறி போடாமல், கீழே உங்கள் விருப்பு வாக்கு இலக்கத்துக்கு மட்டும் அழகாகப் போட்டுவிட்டு வந்துவிட்டார்கள். கட்சிக்குப் புள்ளடி இல்லாத சீட்டுச் செல்லாது என்பது மேடையில் நின்ற உங்களுக்கும் தெரியவில்லை, கீழே நின்று கைதட்டிய எங்களுக்கும் தெரியவில்லை.

பக்கத்து வீட்டு ஆசியா உம்மா வந்து பெருமையாகச் சொன்னாவே, நினைவிருக்கிறதா? "மெம்பர், நீங்க சொன்ன மாதிரி கட்சிப் பக்கம் கண்ணாலயும் பாக்கல்ல!" நீங்கள் தலையில் கை வைத்துக்கொண்டு வாசலிலேயே இருந்துவிட்டீர்கள். நான் குசினிக்குள் ஓடிப்போய் அடுப்படியில் நின்று சிரித்தேன். அன்று நான் அழுததாகத்தான் இதுவரை நினைத்திருப்பீர்கள். இல்லை, மச்சான். மன்னித்துவிடுங்கள்.

மூன்றாவது தரம் வீடு வீடாகப் போய் மாதிரிச் சீட்டை நீட்டி, "முதல்ல கட்சி, அதுக்குப் பொறகுதான் நான்" என்று பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுப்பதுபோல் சொல்லிக் கொடுத்தீர்கள். வென்றீர்கள். மாகாண சபை உறுப்பினரானீர்கள். சொறிக்கல்முனைத் தமிழ் விவசாயிகளுக்கு வாய்க்கால் கட்டிக் கொடுத்ததும் அந்தக் காலத்தில்தான். அங்கே உங்களுக்கு ஓட்டு இல்லை என்று கட்சிக்காரர்கள் குதித்தபோது, "தண்ணிக்கு ஓட்டுத் தெரியுமா? அவங்கட வயலுக்குப் போயித்தானே எங்கட வயலுக்கு வருது" என்றீர்கள். எனக்கு உங்கள் எல்லா மேடைப் பேச்சையும்விட அது பிடித்தது. உங்கள் ஜனாஸா அடக்கத்துக்கு அந்த ஊரிலிருந்து ஒரு லொறி நிறைய ஆட்கள் வந்தார்கள். அதை மலரில் போடச் சொல்லியிருக்கிறேன்.

பிறகு பாராளுமன்ற ஆசை. அதுதான் நம்மைச் சாப்பிட்டது. ஊருக்குள்ளேயே ஒரு வசனம் கிளம்பியது: "வந்த மாப்பிள்ளைக்கு எதுக்கு ஊரு ஓட்டு?" நீங்கள் மருதமுனையில் பிறந்து, என்னைக் கட்டிக்கொண்டு சாய்ந்தமருதில் என் வீட்டுக்கு வந்தவர். நம் கரையில் எல்லா ஆண்களும் அப்படித்தான் பெண் வீட்டுக்குப் போகிறார்கள். ஆனால் தேர்தல் வந்தால் மட்டும் அது குற்றமாகிவிடுகிறது. மருதமுனைக்குப் போய் ஓட்டுக் கேட்டால், "நீங்க இப்ப சாய்ந்தமருதுக்காரரே" என்றார்கள். இங்கே கேட்டால் மருதமுனைக்காரர். இரண்டு ஊருக்கும் நடுவில் கல்முனை கிடக்கிறது, பஸ்ஸில் ஏறி மூச்சு விடுவதற்குள் இறங்க வேண்டிய தூரம். அந்தத் தூரத்துக்குள் உங்களுக்கென்று ஒரு ஊர் இல்லாமல் போனது.

முடிவு வந்த காலையில் மற்றக் கட்சிப் பையன்கள் நம் வாசலில் வெடி கொளுத்தினார்கள். வெல்வீர்கள் என்று நம்பி நான் இனிப்புக்கு வட்டிலாப்பம் அவித்து வைத்திருந்தேன். நீங்கள் அந்தத் தட்டை அப்படியே தூக்கிக்கொண்டு வெளியே போய், "வெடி போட்டுக் களச்சிருப்பீங்க, தின்னுங்கடா" என்று அவர்களிடமே நீட்டினீர்கள். பையன்கள் வெட்கப்பட்டு நெளிந்தார்கள். ஆனால் தட்டு வெறுமையாகத்தான் திரும்பி வந்தது. எனக்கு ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

ஐந்தாவது தரமும் பாராளுமன்றம், ஐந்தாவது தரமும் அதே வசனம். இந்த முறை வெடி போடக்கூட ஒருவரும் வரவில்லை. அதுதான் உங்களுக்கு அதிகம் வலித்தது. சோறு போட்டால் பிசைந்துகொண்டே இருந்தீர்கள். "நாப்பது வருசமா இஞ்ச இரிக்கன் ஜெமீலா, இன்னும் வந்தவன்தானா?" என்று ஒருநாள் கேட்டீர்கள். ஆஸ்பத்திரியில் என்னிடம் சொல் வாங்கியதும் அந்த வலியில்தான் என்று எனக்குத் தெரியும். உங்கள் பிள்ளைகள் அந்த வசனத்தைக் கேட்கக் கூடாது, அவ்வளவுதானே?

சரி, இப்போது இன்றைய செய்திக்கு வருகிறேன். உங்கள் தேர்தல் வேலைகளையெல்லாம் முன்னின்று பார்த்த அமீன் ஹாஜியார் போன கிழமை நான்கைந்து பேரோடு வந்தார். நம் மகன் ரிஸ்வானை மாகாண சபைக்கு நிறுத்த வேண்டுமாம். வாப்பாவின் பெயருக்காகவே சனம் போடுமாம். நான் உங்களுக்குக் கொடுத்த சொல்லைச் சொல்ல வாய் திறக்கும் முன்னே, கூட வந்த ஒருவர் தாடியைத் தடவிக்கொண்டு இழுத்தார்:

"ரிஸ்வான் இப்ப அக்கரைப்பற்று மாப்பிள்ளையே ஹாஜியார். அங்க போய்ப் பத்து வருசமாச்சி. நாளைக்கு ஊரு ஏத்துக்குமா?"

நான் சிரித்துவிட்டேன், மச்சான். வாப்பா வந்த மாப்பிள்ளை, மகன் போன மாப்பிள்ளை! உங்கள் இருவருக்கும் இந்த ஊரில் நிற்க ஒரு சாண் இடம் இல்லை. வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்து முடித்த உங்கள் மகள் ஷிபானா நின்ற இடத்திலேயே சொன்னாள்: "நான் எங்கயும் போகல்லயே, மாமா. இந்த ஊருலதான் பொறந்தன், இந்த ஊட்டுலதான் இரிக்கன்."

ஹாஜியாருக்குப் புரை ஏறிவிட்டது. "பொம்புளப் புள்ள மேடையில ஏறி நிண்டு கதைக்கிறயா மகள்?"

"மேட எதுக்கு மாமா? வாப்பா ஓட்டுக் கேக்கப் போனா வாசலோட நிண்டு கதச்சிட்டு வருவார். நான் குசினி வரைக்கும் போவன். இந்த ஊருல ஊடெல்லாம் யார்ர பேருல இரிக்கி? பொம்புளைகட பேருலதானே. ஆம்புள நீங்க எல்லாரும் வந்த மாப்பிள்ளைதான். நீங்களும் நிந்தவூருல இருந்து வந்தவர்தானே?"

அந்த அறையில் இருந்த ஆண்கள் ஒவ்வொருவராக யோசித்துப் பார்த்ததை என் கண்ணால் கண்டேன். ஒருவர் காரைதீவுப் பக்கம் இருந்து வந்தவர், ஒருவர் மாளிகைக்காடு. தாடியைத் தடவியவர் கல்முனைக்குடி. ஊர்ப் பிள்ளை என்று சொல்ல அங்கே இருந்தது நானும் அவளும்தான்! ஹாஜியார் தேத்தண்ணியை முடிக்காமலே, "யோசிச்சிச் சொல்றம்" என்று எழும்பிப் போனார். ஏதோ பெண் கேட்டு வந்த இடத்தில் பேசுவதுபோல் சொல்லிவிட்டுப் போகிறார் என்று எங்களுக்குச் சிரிப்பு.

அவளுக்கு எங்கிருந்து இந்த வாய் வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். கல்முனையில் அவள் வைத்திருக்கும் தையல் கடையை வந்து பார்த்தால் விளங்கும். துணி தைக்க வருகிறவர்களைவிடக் கடிதம் எழுத வருகிறவர்கள் அதிகம். நீங்கள் மெம்பராக இருந்தபோது உங்களுக்கு வந்த மனுக்களுக்குச் சிங்களத்திலும் தமிழிலும் பதில் எழுதியது அவள்தானே? நீங்கள் போன பிறகும் அவர்கள் நிற்கவில்லை. விதவைக் கொடுப்பனவு, காணி உறுதி, பிள்ளையின் பாடசாலை அனுமதி என்று தினமும் யாராவது ஒருவர் தையல் மெசினுக்குப் பக்கத்தில் இருக்கிறார். என் சட்டை ஒன்று மூன்று மாதமாக அளவு எடுத்தபடியே கிடக்கிறது.

அவர்கள் போன பிறகு நான் அவளிடம் சொன்னேன், "வாப்பாக்கு நான் சொல்லுக் குடுத்திட்டன் மகள். ஒங்கள விட ஏலா." அவள் எதிர்த்துப் பேசவில்லை. ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "சரி உம்மா. ஒங்களுக்கு மனசில்லாட்டி வேணாம்" என்றாள். அவ்வளவுதான். உங்களைப் போல் கத்தியிருந்தால் நானும் கத்தி முடித்திருப்பேன். அந்த 'சரி உம்மா'தான் என்னை இரண்டு நாள் சாப்பிட விடவில்லை.

யோசித்துப் பார்த்தேன். நீங்கள் பயந்த வசனத்தை இவளைப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. வேறு வசனம் கண்டுபிடிப்பார்கள்தான். 'பொம்புளைக்கு எதுக்கு அரசியல்' என்பதைச் சந்தியில் ஏற்கெனவே தொடங்கிவிட்டார்களாம். அதைக் கேட்டு அவள் சோற்றைப் பிசைந்துகொண்டு இருக்கப் போகிறவள் இல்லை. ரிஸ்வானும் அக்கரைப்பற்றிலிருந்து போனில், "தங்கச்சி நிக்கட்டும் உம்மா, நான் வாகனம் ஓட்டுறன்" என்கிறான். மேடையைக் கண்டாலே ஓடி ஒளிகிறவன் அவன், தப்பித்தோம் என்ற சந்தோசம் குரலிலேயே தெரிகிறது.

நேற்று ஹாஜியார் திரும்ப வந்தார். அவர்கள் வீட்டுப் பெண்களே அவரைத் தள்ளிவிட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். "நாங்க சரி. இனி ஒங்கட சொல்லுத்தான் பாக்கி" என்றார். நாளைக்கு அஸர் தொழுதுவிட்டுப் பதில் கேட்க வருவார். நான் ஓம் என்று சொல்லப் போகிறேன், மச்சான். உங்களுக்குக் கொடுத்த சொல்லை மீறிய பாவம் என்னோடு இருக்கட்டும். அல்லாஹ்விடம் நானே பேசிக்கொள்கிறேன். நீங்கள் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள்.

இன்னும் ஒன்று. ஐந்து தேர்தலிலும் வந்தவர்களுக்கெல்லாம் நான் சோறாக்கிப் போட்டேன், தேத்தண்ணி ஊற்றினேன். ஆனால் ஒருநாளும் ஒரு வீட்டுப் படியேறி, என் புருசனுக்கு ஓட்டுப் போடுங்கள் என்று கேட்டதில்லை. வெட்கமா, வீம்பா, எனக்கே தெரியாது. நீங்களும் ஒருநாளும் கேளென்று சொல்லவில்லை. கேட்டிருந்தால் இன்னொரு தரம் வென்றிருப்பீர்களோ? இது உங்கள் தோல்விகளில் என் பங்கு. ஒருவரும் அதை மலரில் எழுதமாட்டார்கள், அதனால் நானே எழுதிவிட்டேன்.

அவளுக்காகக் கேட்பேன். தேர்தல் அறிவிக்கட்டும், முழங்கால் வலித்தாலும் அவளோடு வீடு வீடாக ஏறுவேன். முதல் வீடு மருதமுனையில் உங்கள் ராத்தாவின் வீடு. நீங்கள் பிறந்த வீடு அது. "ராத்தா, ஒங்கட தம்பிக்கு நான் ஒருநாளும் வந்து கேக்கல்ல. அவர்ர மகளுக்குக் கேக்க வந்திரிக்கன்" என்பேன். அவ என்னைக் கட்டிப்பிடித்து அழுவா, நானும் அழுவேன். அழுது முடிந்ததும், புள்ளடி எங்கே போட வேண்டும் என்று ஒன்றுக்கு இரண்டு தரம் சொல்லிவிட்டுத்தான் எழும்புவேன். இது நான் உங்களுக்குத் தருகிற புதுச் சொல். இதை மீறமாட்டேன்.

உங்கள் ஐந்து தேர்தலுக்கும் சோறாக்கியவள்,
வேட்பாளர் ஷிபானாவின் உம்மா,
உங்கள் ஜெமீலா.