நீ அடிக்காத கார்டு

திலக் நகரில் நான் வாட்ச்மேனாக இருக்கும் கட்டடத்தில் போன வாரம் ஒரு புது மெஷின் மாட்டினார்கள். அதன் முன்னால் போய் முகத்தைக் காட்டினால்தான் வேலைக்கு வந்ததாக அர்த்தம். தொப்பியைக் கழற்று, கண்ணாடியைக் கழற்று என்று ஆயிரம் அதிகாரம் செய்துவிட்டு, கடைசியில் என் பெயரைப் போட்டு நன்றி சொல்கிறது. ஒருத்தனுக்காக இன்னொருத்தன் இதை ஏமாற்றவே முடியாது என்று மாட்ட வந்த ஆள் பெருமையாகச் சொன்னான். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாம் போல இருந்தது. இந்தச் சனியன் நம் காலத்தில் இருந்திருந்தால் உன் பெயர் கெட்டிருக்காது.

நீ போய் நாற்பது நாள் ஆகிறது. இதைப் பேச உன்னை விட்டால் எனக்கு ஆள் கிடையாது. அதனால் எழுதுகிறேன்.

கார் கம்பெனியில் கதவு மாட்டும் பிரிவில் நாம் ஒன்பது வருஷம் ஜோடி. வண்டிக்கு இடது பக்கம் நான், வலது பக்கம் நீ. நான் சுனாபட்டியிலிருந்து வருவேன், நீ தாராவியிலிருந்து நடந்து வந்து சயானில் ரயில் ஏறுவாய். எந்த லோக்கல் எங்கே நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் நமக்குள் ஒரு ஏற்பாடு வைத்திருந்தோம். முதலில் வருகிறவன் இரண்டு பேருடைய வருகைக் கார்டையும் மெஷினில் விட்டு அடித்துவிட வேண்டும். நீல மையில் நேரம் விழுந்துவிட்டால் அரை மணி பிந்தினாலும் கேட்பார் இல்லை. அடுத்தவன் கார்டை அடித்தது தெரிந்தால் இரண்டு பேருக்கும் வேலை போய்விடும். அதனால் நம் வீட்டுக்காரிகளிடம்கூட நாம் அதைச் சொன்னதில்லை.

பிறகு நம் வண்டியை வாங்க ஆளில்லாத அந்த வருஷம் வந்தது. சின்னதாக, வழவழவென்று புதுப் புதுக் கார்கள் சந்தைக்கு வந்துவிட்டன. நாம் கதவு மாட்டி அனுப்பியவை பின்பக்க மைதானத்தில் மழையில் நின்றன. அவற்றின் மேல் காக்கை எச்சமிட்டிருப்பதைப் பார்த்து நீ, “நாம பெத்த பொண்ணுவள ஒருத்தனும் கேட்டு வரலியேடே” என்பாய். சிரிப்போம். ஆனால் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப லிஸ்ட் தயாராகிறது என்று எல்லோருக்கும் தெரியும். யூனியன் ஒரு நாள் ஸ்ட்ரைக் அறிவித்தது. நம் பிரிவுக்கு நீதான் யூனியன் பிரதிநிதி. கேட்டில் கொடி பிடிக்க வேண்டியவனும் நீதான்.

அதற்கு முந்தின நாள் சூப்பர்வைசர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். நாளைக்கு உள்ளே வருகிறவனின் பெயர் லிஸ்டில் இருக்காது என்றார். எனக்கு அப்போது இரண்டாவது குழந்தை பிறந்து இருபது நாள். சாயங்காலம் ஸ்டேஷனில் நீ கேட்டாய்: “நாளைக்கு எம் பக்கத்துல நிப்பல்லா?”

“பின்ன?” என்றேன். அப்போதே நான் உள்ளே போவதென்று முடிவு செய்திருந்தேன்.

கம்பி வலை போட்ட பஸ்ஸில், பின்பக்க கேட் வழியாக, பத்துப் பன்னிரண்டு பேரோடு உள்ளே போனேன். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. மெஷின் முன்னால் நின்று என் கார்டை எடுத்து அடித்தேன். பக்கத்தில் உன் கார்டு இருந்தது. ஒன்பது வருஷப் பழக்கம் பாரு, கை அதுபாட்டுக்கு அதையும் எடுத்து அடித்துவிட்டது. இரண்டாவது சத்தம் கேட்ட பிறகுதான் என்ன செய்தேன் என்பதே எனக்கு உறைத்தது. ஏழு மணி. எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். மை போகவில்லை. நீ முன்பக்க கேட்டுக்குக் கொடியோடு வந்து சேர்ந்தது ஏழரைக்கு. அன்றைக்கும் உன் ரயில் லேட். ஏழு மணிக்கு உன்னை வெளியே பார்த்தவர் யாருமில்லை.

மறுநாள் காலை, உள்ளே போனவர்கள் பட்டியலைக் கம்பெனி நோட்டீஸ் போர்டில் ஒட்டியது. உன் பெயரும் அதில் இருந்தது. உள்ளே போய் வருகையைப் பதிந்துவிட்டு, வெளியே வந்து கொடி பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான் என்று பேச்சு தீயாகப் பரவியது. பயந்து உள்ளே போன எங்களைத் திட்டினார்கள், அவ்வளவுதான். உன்னை அப்படி விடவில்லை.

கேட் மீட்டிங்கில் யூனியன் தலைவர் ராசையா அண்ணாச்சி முதலில் என்னைத்தான் கேட்டார். “நீங்க ரெண்டு பேரும் ஒண்ணுமண்ணா இருக்கியளே. அவன் கார்ட நீ அடிச்சியாடே?”

கம்பெனி ஆட்கள் பத்தடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான், “இல்ல அண்ணாச்சி” என்றேன்.

அவர் உன் பக்கம் திரும்பினார். “அப்போ நீயா?”

நீ என்னைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்தாய். பிறகு, “நாந்தான் அடிச்சேன்” என்றாய். அண்ணாச்சி உன் கையிலிருந்து கொடியைப் பிடுங்கினார்.

அன்று திரும்பும்போது ஸ்டேஷனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். “உம் பேரச் சொன்னா உனக்கு வேல போவும், புள்ளைய வச்சிக்கிட்டு எங்க போவ? எனக்குக் கொடிதான போச்சு. எவனாவது பிடிச்சிட்டுப் போறான்.” பிறகு தோளில் ஒரு இடி இடித்து, “ஸ்ட்ரைக் அன்னைக்கு லீடருக்கே ப்ரெசென்ட் போட்டவன் ஒலகத்துலயே நீ ஒருத்தன்தாம்லே” என்றாய். சிரித்தாய். உனக்கு எப்படி அன்றைக்குச் சிரிப்பு வந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

கொடியோடு விட்டார்களா? உனக்கு ‘ரெண்டு கார்டு’ என்று பெயர் வைத்தார்கள். தாராவியில் உன் சந்து முழுக்க அந்தப் பெயர். உன் மகன் கிரிக்கெட் ஆடப் போனால் ‘ரெண்டு கார்டு மவன்’. அவன் அழுதுகொண்டு வந்ததை நீயே ஒரு தரம் என்னிடம் சொன்னாய். சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்பதுபோல உடனே பேச்சை மாற்றினாய். அப்போதாவது நான் அண்ணாச்சியிடம் போயிருக்க வேண்டும்.

இரண்டு வருஷத்தில் கம்பெனியையே மூடிவிட்டார்கள். உள்ளே போனவனும் வெளியே நின்றவனும் ஒரே நாளில் ஒரே கேட் வழியாக டிபன் டப்பாவோடு வீட்டுக்கு வந்தோம். நீ ஒரு கேரேஜில் கார் கதவுகளுக்கு டிங்கரிங் பார்க்கப் போனாய். நான் வாட்ச்மேன் ஆனேன். தினமும் சாயங்காலம் சயான் ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு டீ. அதை நீ ஒரு நாளும் தவறவிட்டதில்லை. என்னை வேலையை விட்டுத் தூக்கக் கம்பெனியே இல்லை, ஆனாலும் நான் உண்மையைச் சொல்லவில்லை. கோழை என்று சொல்லு, ஏற்றுக்கொள்கிறேன்.

உனக்கு இரங்கல் கூட்டம் மாட்டுங்கா லேபர் கேம்பில் ஒரு சின்ன ஹாலில் நடந்தது. பழைய ஆட்கள் முப்பது பேர் வந்திருந்தார்கள். ராசையா அண்ணாச்சிக்கு எண்பது தாண்டிவிட்டது. மைக்கைப் பிடித்துக்கொண்டு, “நல்ல தொழிலாளி. ஒரே ஒரு நாளு சறுக்கிட்டான். அத நாம மறந்துருவோம்” என்றார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

உன் மகன் பின்னாலேயே வந்தான். “அங்கிள், சச் போலோ, உண்மையச் சொல்லுங்க. அன்னிக்கு அந்தக் கார்ட அப்பாதான் பஞ்ச் பண்ணாரா?”

அவன் முகம் அப்படியே உன் முகம். “இல்லடே. நான் அடிச்சேன்” என்றேன்.

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா டெய்லி உங்ககூட சாய் குடிச்சாரு?”

நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவன் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை. “உள்ள போயி சொல்லுங்க. எல்லாரும் இன்னும் இருக்காங்க” என்றான்.

போய்ச் சொன்னேன். கார்டை அடித்ததைச் சொன்னேன், இல்லை என்று பொய் சொன்னதையும் சொன்னேன். அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். உன் மகன் மட்டும் நிமிர்ந்து நின்றான். அண்ணாச்சி எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. உட்கார்ந்தபடியே, “கொடியப் பிடுங்குனது இந்தக் கையிதாண்டே. அவன் இருக்கும்போது சொல்லியிருந்தா நான் போயி அவன் கையப் பிடிச்சிருப்பம்லா?” என்று கேட்டார்.

இப்போது தினமும் டீ நேரத்துக்கு நான் அண்ணாச்சி வீட்டுக்குப் போகிறேன். நான் கிளம்பும்போது என் கையை அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறார், சீக்கிரம் விடமாட்டேன் என்கிறார். அது உனக்கு வர வேண்டியது. நான்தான் வாங்கிக்கொண்டு வருகிறேன்.