பூனைக்குத் தடவிய மருந்து

பசுமலை, 1936, கார்த்திகை, வியாழன் இரவு.

பூனை இன்னும் உயிரோடு இருக்கிறது. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

அதன் முதுகில் சொறி கண்டு முடி கொட்டியிருந்தது. வேப்பெண்ணெய் தடவலாம் என்றாள் வீட்டு வேலைக்கு வரும் பேச்சி. ஆதாரமில்லாத வைத்தியம் என்று அவளை அடக்கிவிட்டு, நாய் வளர்ப்பவர்களுக்கான ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்துக் கார்பாலிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்தேன். நாய்க்குச் சொன்னதில் பாதி பூனைக்குப் போதும் என்று நானாகவே தீர்மானித்தேன். காலையில் தடவினேன். மாலை கல்லூரியிலிருந்து திரும்பியபோது அது வாயில் நுரை தள்ளி நடுங்கிக்கொண்டிருந்தது.

பேச்சியும் நானுமாகக் கூடையில் வைத்து மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கம்பவுண்டர் முகர்ந்து பார்த்தார்.

"நாய்க்கு ஆகுறது பூனைக்கு ஆகாதும்மா. இது உடம்பை நக்கிக்கிட்டே கெடக்கும். அம்புட்டும் வயித்துக்குள்ள போயிருக்கு."

வெந்நீரில் சோப்புப் போட்டுக் கழுவித் தந்தார். இன்று இரவைத் தாண்டினால் பிழைக்குமாம்.

வழியில் பேச்சி எதையும் குத்திக்காட்டவில்லை. வீட்டு வாசலில்தான், "எம்புட்டுப் படிச்சு என்னம்மா, பூனை நக்கும்னு எந்தப் புத்தகத்துலயும் போடலையா?" என்று என்னைச் சிரிக்கவைக்கப் பார்த்தாள். நான் சிரிக்கவில்லை.

"வேணும்னா ராத்திரி இங்கனயே இருக்கேம்மா."

தேவையில்லை என்றேன், வகுப்பில் பாடம் நடத்துகிற குரலில். அவள் போய்விட்டாள். இருக்கச் சொல்லியிருக்கலாம்.

பூனை கட்டிலுக்கடியில் கிடக்கிறது. கையை நீட்டினால் பின்வாங்குகிறது. மூன்று முறை கழுவியும் விரல்களில் அந்த வாடை போகவில்லை. தரையில் பாயை விரித்திருக்கிறேன். அதன் மூச்சு இங்கே கேட்கிறது. இதற்கு மேல் நெருங்க அது விடாது.