கேரியரில் நான், கழுத்தில் தோல்

நைனா,

இன்று காலை அம்மாவுக்கு முட்டி வலி. விளக்கெண்ணெயைச் சுட வைத்துத் தேய்த்துவிட்டேன். எண்ணெய் சூடேறி அந்த வாசனை வந்ததும் என் கை நின்றுவிட்டது. "இன்னாடி, உட்கார்ந்துக்கினே தூங்கிட்டியா?" என்றாள் அம்மா. தூங்கவில்லை. உன் சைக்கிள் சங்கிலிக்கு நீ விடுகிற எண்ணெய் அது. வெயில் ஏறியதும் சங்கிலியிலிருந்து அந்த வாசனை கிளம்பி, பின்னால் உட்கார்ந்திருக்கும் என் மூக்குக்கு வரும். கூடவே உன் பீடி, பச்சை ஆட்டுத் தோல், வழியெல்லாம் உதிர்ந்து கிடக்கும் புளியம்பூ.

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அம்மாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

ஐந்தாம் வகுப்போடு நான் பள்ளியை விட்டேன். டீச்சர் எழுந்து படி என்றால் வரி எனக்குத் தெரியும், குரல்தான் வராது. பெரியவளானதும் அதுவே சாக்காக நின்றுவிட்டேன். அம்மா தோல் பதனிடும் ஷாப்பில் ஆட்டு மயிர் பிடுங்கப் போய்விடுவாள். என்னை வீட்டில் தனியாக விட உனக்கு மனசு வரவில்லை. கிராமம் கிராமமாகப் போய் ஆட்டுத் தோல் வாங்கி ஆம்பூர் மண்டியில் போடுவது உன் வேலை. ஒரு நாள் கேரியரில் கோணியை நாலாக மடித்துப் போட்டு, "ஏறு" என்றாய்.

அந்தக் கேரியர் தோலுக்காக இருந்தது. வாங்கிய தோலைச் சுருட்டி அதில்தான் கட்டுவாய். நான் ஏறிய நாளிலிருந்து தோல் உன் கழுத்துக்குப் போனது. துண்டு போடுகிற மாதிரி நாலைந்து தோலைக் கழுத்தில் போட்டு, இரண்டு முனையையும் மார்பில் தொங்கவிட்டுக்கொள்வாய். "பிரான்சுல குளுருக்குக் கம்பளி போட்டுக்கினோம். இங்க வெயிலுக்கு இது" என்பாய். நானும் சிரித்தேன்.

மாதனூர் தாண்டியதும் மோட்டார் வருகிற பெரிய ரோட்டை விட்டுப் பாலாற்றோரம் மண் பாதையில் இறங்குவாய். அதில் சத்தமே இருக்காது. சங்கிலி ஓடுகிற ஓசையும் சருகு நொறுங்குகிற ஓசையும்தான். ஆறு வெறும் மணலாகக் கிடக்கும். பெண்கள் ஊற்றுத் தோண்டிச் சொம்பால் மொண்டுகொண்டிருப்பார்கள். மிதித்துக்கொண்டே நீ பிரான்சைச் சொல்வாய்.

ஜெர்மன் சண்டைக்குக் கோவேறு கழுதை ஓட்டப் போனவன் நீ. அங்கே காலில் அடிபட்ட ஒரு வெள்ளைக்காரன் விட்டுப்போன சைக்கிளில் விழுந்து விழுந்து பழகி, ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாமுக்குக் கடுதாசி கொண்டுபோனாய். ரோட்டின் இரண்டு பக்கமும் பனை மாதிரி நெட்டையாக மரங்கள், காற்றடித்தால் இலையெல்லாம் வெள்ளிக்காசு மாதிரி திரும்பும் என்றாய். எல்லாம் கல் வீடு. ஊர் வருவதற்கு முன்பே கோயில் கோபுரம் தெரிந்துவிடும். "நம்ம பள்ளிகொண்டா மாதிரிதான். தூரத்துல கோபுரம் தெரிஞ்சா கால் தானா மெதுவா மிதிக்கும்." யாரோ ஒரு பண்ணைக்கார அம்மா உன்னை நிறுத்திக் கை நிறைய ஆப்பிள் கொடுத்தாளாம். வணக்கத்துக்கு அவள் சொல்லிக்கொடுத்த ஒரே சொல்லைப் பாலாற்றங்கரை முழுக்க நீ விதைத்துவைத்திருந்தாய். மேய்ச்சலில் நிற்கிற கோனாரைப் பார்த்துக் கையைத் தூக்கி, "போஞ்சூர்!" என்பாய். அவரும் கோலைத் தூக்கி, "பொஞ்சூரு, பொஞ்சூரு! இன்னா, இன்னிக்கும் மூட்டையை ஏத்திக்கினு வந்துட்டியா?" என்பார். மூட்டை நான்தான்.

"மூட்டைதான். இதுவும் பேசாது" என்று நீ திருப்பிச் சொல்வாய்.

இரண்டு பேரும் சிரிப்பீர்கள். நான் உன் முதுகில் முகத்தை மறைத்துக்கொள்வேன். எனக்குக் கோபமில்லை. பேசாத பெண்ணை நீ ஒருவன்தான் குறையாகச் சொன்னதில்லை.

ஊர்த்தெரு வந்தால் நீ இறங்கிவிடுவாய். நானும் இறங்குவேன். செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போவாய். நம் ஆட்கள் அந்தத் தெருவில் ஏறி மிதிக்கக் கூடாது. தெரு முடிந்ததும் செருப்பை மாட்டி, "ம், ஏறு" என்பாய். ஒரு நாள், "அங்க ஊருக்குள்ள இறங்கினியா நைனா?" என்று கேட்டேன். நான் அபூர்வமாகக் கேட்ட கேள்வி. மிதித்துக்கொண்டே பதில் சொன்னாய். "அங்க இறங்கல. கோயிலுக்குள்ளகூட போய் உட்கார்ந்தேன், ஒருத்தனும் ஏன்னு கேக்கல." விரிஞ்சிபுரம் வந்தபோது கோயில் மதில் ஓரமாகச் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அந்தக் கல்லையே ரொம்ப நேரம் பார்த்தாய். "மதிலுக்கு விரிஞ்சிபுரம்னு சும்மாவா சொன்னாங்க. வெளியிலருந்து பார்க்கறவனுக்குன்னே கட்டியிருக்கான் பாரு" என்று சிரித்தாய்.

உன்னைக் கொண்டுபோன அந்தத் தோலை வாங்கியது விரிஞ்சிபுரத்துக்கு அப்பால் ஒரு பட்டியில். அங்கே ஒரு அம்மாவின் ஆடுகள் ஒரே நாளில் மூன்று விழுந்திருந்தன. நீ தோலைப் புரட்டிப் பார்த்தாய். "ரத்தம் கறுத்துக் கீதே. அறுத்ததில்லையே இது."

"செத்ததுதாண்ணா. மூக்குல ரத்தம் வந்து நின்ன எடத்துலயே விழுந்துடுச்சி. இதையும் நீ வேணாம்னா நான் எங்க போவேன்?"

செத்த ஆட்டுத் தோலை நீ சாதாரணமாகத் தொடமாட்டாய். அன்று அந்த அம்மா அழுதாள். வாங்கிக்கொண்டாய். காலையில்தான் நாவிதரிடம் சவரம் செய்திருந்தாய். பின்கழுத்தில் கத்தி பட்டுச் சின்னதாக ஒரு கீறல். அதன்மேல் அந்தத் தோலைப் போட்டுக்கொண்டு, நான் கோணிமேல் சௌகரியமாக உட்கார்ந்திருக்க, ஆம்பூர் வரை மிதித்தாய்.

மூன்றாம் நாள் அந்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளியைப் பார்த்தேன். உன் பின்கழுத்தை என்னைப்போல் பார்த்தவர் யார்? மறுநாள் அது நீர்கோத்த கொப்புளம். அதற்கடுத்த நாள் கொப்புளம் உடைந்து, நடுவில் கரித்துண்டு வைத்து அழுத்தினது மாதிரி கறுப்பு.

"நைனா, கழுத்துல இன்னாவோ கறுப்பா கீது."

"உண்ணி கடிச்சிருக்கும். வலியே இல்ல பாரு" என்று விரலால் அழுத்திக் காட்டினாய். அம்மா மஞ்சளை அரைத்துப் பூசினாள். வலித்தால் பயப்படுவார்கள் நம் வீட்டில். வலிக்காத புண்ணுக்கு யாரும் வேலையை நிறுத்தமாட்டார்கள்.

ஆனால் சாயங்காலம் உனக்குக் காய்ச்சல் வந்தது. விடிந்ததும் வீட்டில் கிடந்த இரண்டு தோலைக் கொடுத்து, "மண்டியில குடுத்துட்டு வா. காதர் பாய்கிட்ட குடு" என்றாய். காதர் பாய் மண்டியில் தோல் தரம் பிரிக்கிறவர். தொட்டுப் பார்த்தே எந்த ஆடு, எப்படிச் செத்தது என்று சொல்லிவிடுவார். நாற்பது வருஷமாகத் தோலோடு இருக்கிறவர்.

அவர் கேட்டார், நைனா. அதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும்.

"இன்னாம்மா, நீ வந்துக்கீறே? உங்க நைனா எங்க? உடம்பு கிடம்பு சரியில்லியா?"

சுற்றிலும் ஆறேழு ஆண்கள் உப்புத் தடவிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். கழுத்தில் ஒரு புண், நடுவில் கறுப்பு, வலிக்கவில்லை, காய்ச்சல். இவ்வளவுதான். எல்லாம் வாயில் தயாராக இருந்தது. எனக்குக் காது சுட்டது. தரையில் சிந்திக் கிடந்த உப்பைப் பார்த்துக்கொண்டே, "நல்லா கீறாரு" என்றேன்.

"நெஜமாவா?"

"ம்."

"சரி சரி. மறுபடியும் பிரான்சுக்குப் போய்ட்டாரோன்னு பார்த்தேன்." எல்லோரும் சிரித்தார்கள். நான் ஓடி வந்துவிட்டேன்.

இரண்டு நாளில் உன் கழுத்தும் தாடையும் ஒன்றாக வீங்கின. ஒரு கண் மூடிக்கொண்டது. அம்மாவே மண்டிக்கு ஓடினாள். காதர் பாய் வந்து உன்னைக் குப்புறப் படுக்கச் சொல்லிப் பார்த்தார். "யா அல்லா" என்றார். "வலிக்குதா?"

"இல்ல பாய்."

"வலிக்காததுதான் பேஜார். அடைப்பான் வந்து செத்த ஆட்டுத் தோலைத் தூக்கினியா?" பிறகு அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "எத்தினி நாளா கீது இது?" அம்மா சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார். அப்போதே முதலாளியின் ஜட்கா வண்டியைக் கேட்டு வாங்கி வந்து உன்னை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

நாம் தோலுக்குப் போகிற பக்கம்தான் அந்த வண்டியும் போனது. அம்மா மடியில் உன் தலை. நான் உன் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வழியில் ஒரு ஊர்த்தெருவில் வண்டி நுழைந்தது. நீ திறந்திருந்த ஒரு கண்ணால் வெளியே பார்த்தாய். உடம்பெல்லாம் துடித்தது. எழுந்திருக்கப் பார்த்தாய்.

"ஊர் வந்துடுச்சி. இறங்கணும். செருப்பு, செருப்பைக் கழட்டு."

"இறங்க வேணாங்க, இது சாயபு வண்டி" என்று அம்மா அழுதாள். நீ கேட்கவில்லை. காலை உதறினாய். அந்தக் காலை நான் அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. காலில் செருப்பே இல்லை. அந்தத் தெரு முடிகிற வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மத்தியானம் நீ போய்விட்டாய். டாக்டர் நல்லவர். அம்மாவிடம் பொறுமையாகச் சொன்னார். கறுப்பு தெரிந்த அன்றே வந்திருந்தால் ஊசி போட்டுப் பார்த்திருக்கலாம், பிழைப்பதும் உண்டு, இப்படி வீங்கிய பிறகு கஷ்டம் என்றார். அம்மாவுக்குப் பாதி புரியவில்லை. எனக்கு முழுக்கப் புரிந்தது.

காதர் பாய் பிறகு ஒரே ஒரு தடவை கேட்டார். வீட்டு வாசலில், வேறு யாரும் இல்லாதபோது. "அன்னிக்கு உன்னைக் கேட்டேனேம்மா." குற்றம் சொல்கிற குரல் இல்லை. அழுகிற குரல். அதற்கும் நான் தரையைத்தான் பார்த்தேன். அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது அம்மாவோடு நானும் ஷாப்புக்குப் போகிறேன். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஊறின தோலிலிருந்து மயிர் பிடுங்குகிறோம். ஆண்கள் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து தோல் சுமந்துகொண்டு வருவார்கள். யார் குனிந்தாலும் என் கண் அவர்கள் கழுத்துக்குப் போகிறது. முகம் தெரியாதவர்களின் கழுத்துகூட எனக்குத் தெரியும். மச்சம், தழும்பு, வேர்க்குரு எல்லாம் தெரியும். வேண்டாம் என்றாலும் நிறுத்த முடியவில்லை.

போன வாரம் முனுசாமி அண்ணன் எனக்கு முன்னால் குனிந்து சுமையை இறக்கினார். பின்கழுத்தில், காலர் ஓரத்தில், கறுப்பு.

"அண்ணா! கழுத்துல கறுப்பா கீது! ஆஸ்பத்திரிக்குப் போ, இப்பவே போ!"

ஷாப்பே திரும்பிப் பார்த்தது. நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியாது. அவர் பயந்துபோய்க் கழுத்தைத் தடவினார். "இன்னாம்மா? வலிக்கலியே."

"வலிக்காதுண்ணா. வலிக்காது. போங்கண்ணா!"

கையை எடுத்துப் பார்த்தார். விரலில் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. முகர்ந்து பார்த்தார். "அட, வண்டி மைம்மா. காலையில அச்சுக்குப் போட்டேன்." துண்டால் துடைத்துத் திருப்பிக் காட்டினார். வெறும் கழுத்து.

"ஏ, இந்தப் பொண்ணு பேசுமா?" என்றாள் வரிசைக் கடைசியில் இருந்த ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். முனுசாமி அண்ணனும் சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்காமல் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். மறுபடி தோலை எடுத்தேன். மயிர் பிடிபடவில்லை.

சுண்ணாம்புத் தொட்டி வரைக்கும் கேட்டதாம், நைனா. அவ்வளவு பெரிய குரல் எனக்கு இருந்திருக்கிறது.