ஒரு நூல் அதிகம்

ஆடி 3, செவ்வாய்

காலையிலிருந்து காற்று. மகளிர் குழுக் கூடத்தில் ஜன்னலைச் சாத்தி, வியர்வையில் தையல். துண்டுத்துணிப் போர்வைக்குப் பன்னிரண்டு கட்டம். எனக்கு ஆறு, வெள்ளிமலை மல்லிகாவுக்கு ஆறு. முடித்தாயிற்று.

குழுத் தலைவி சரோஜா அக்கா ஒன்றன்மேல் ஒன்று வைத்தார். மல்லிகாவுடையது என்னுடையதைவிட வெளியே துருத்தியது.

"இன்னாம்மா இது? ஓரத்துல கால் இஞ்ச் புடிச்சி தைக்கத் தெரியாதா? வெள்ளிக்குள்ள பிரிச்சி தெச்சி எடுத்தா. இல்லன்னா நின்னுக்கோ. மலைலேர்ந்து இனிமே யாரையும் சேக்கறதா இல்ல."

என்னைப் பார்த்தார். "என்னுது சரியாதான் இருக்கும்" என்றேன். அளந்து பார்க்கக்கூடத் தோன்றவில்லை. பத்து வருஷமாகத் தைக்கிற திமிர்.

ஆடி 4, புதன்

வாங்க: வெள்ளை நூல், பாபின் 2, மெஷின் எண்ணெய், தேங்காய்.

மெஷினைத் துடைக்கும்போது தகட்டில் ஸ்டிக்கர் பொட்டு. கால் இஞ்சுக்கு அடையாளம். துணி ஓரம் அதை உரசிக்கொண்டே போகவேண்டும். போன வாரம் பழையது உதிர்ந்து, நெற்றியில் இருந்ததை எடுத்து ஒட்டினேன். அளந்தேனா? ஸ்கேல் வைத்தேன். இஞ்சுக்கு எட்டு நூல்; ஊசியிலிருந்து இரண்டு நூல் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று. கட்டத்துக்குள் இரண்டு தையல்; ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கமும் ஒரு நூல் கூடினால் அரை இஞ்ச் காலி. தப்பானது என்னுடைய ஆறும்தான்.

மல்லிகா வரவில்லை. பிரிக்கச் சொன்ன ஆறு கட்டமும் அவளிடம். போன் போகவில்லை, மலையில் மழையாம்.

ஆடி 5, வியாழன்

சோறு இறங்கவில்லை. சொல்லிவிடலாம் என்று சரோஜா அக்கா வீடு வரை போனேன். "உளுந்து காஞ்சிதாங்க்கா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். சீ, என்ன பிறவி நான்.

வீட்டுக்காரர்: "இன்னாத்துக்கு பேயறைஞ்ச மாதிரி ஒக்காந்துகினு கீற?" தலைவலி என்றேன். நாளைக்கு அவளை நிறுத்திவிட்டால்?

ஆடி 6, வெள்ளி

முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். கூடத்தில் நாங்கள் இருவர் மட்டும். ஆறையும் பிரித்து, என்னுடைய அளவுக்கே கையால் தைத்திருக்கிறாள். என்னுடையதன்மேல் வைத்தாள். இம்மி பிசகவில்லை. விரல் நுனியெல்லாம் ஊசிக் குத்து.

"மல்லிகா, தப்பு என்னுது. பொட்ட தள்ளி ஒட்டிட்டேன்."

"தெரியுங்க்கா. அன்னிக்கி நீங்க சாப்புடப் போனப்பவே ரெண்டையும் அளந்துட்டேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க ஒங்களுது சரின்னுட்டீங்க. நான் சொன்னா யாருக்கா கேப்பாங்க?"

முகத்தைப் பார்க்க முடியவில்லை. சரோஜா அக்கா வந்ததும் டேப்பைக் கையில் கொடுத்து, என்னுடையதை அளக்கச் சொன்னேன்.