உன் அப்பா அன்று காலை சொன்னது

அன்பு மகள் ஜெருட்டோவுக்கு,

கென்யா, கப்சோவாரிலிருந்து அம்மா எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன், ஜப்பானில் நீயும் சுகமாக இருக்க ஆண்டவர் துணை. இங்கே மழை பிடித்துவிட்டது, சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது, பால் நிறைய, குடிக்கத்தான் ஆள் இல்லை. ஒருத்திக்கு மட்டும் சோளமாவு உகாலி கிண்ட இன்னும் கை பழகவில்லை, தினமும் மிஞ்சுகிறது. பேச்சுத்துணைக்கு அந்தக் கன்றுதான், அதுவும் பால் குடித்ததும் தூங்கிவிடுகிறது.

உன் மாரத்தானைச் செரோனோவின் டீக்கடை டிவியில் எல்லோருமாகப் பார்த்தோம். முப்பது கிலோமீட்டரில் நீ மூன்றாவது, கடையே எழுந்து நின்று கத்தியது. பிறகு நீ மணிக்கட்டைப் பார்த்தாய், மறுபடி பார்த்தாய், ஓரமாக ஒதுங்கி நின்றுவிட்டாய். செரோனோ சும்மா இருப்பானா, என் பக்கம் திரும்பி, இவ காலால ஓடுறாளா, கைக்கடிகாரத்தால ஓடுறாளா தெக்லா, கால் நம்ம ஊர்க் காலுதானே, அதைக் கேக்க மாட்டாளாமா என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டுத் தனியாக வீட்டுக்கு நடந்தேன்.

அன்று மாலை போனில் நீ சொன்னது காதிலேயே நிற்கிறது. எனக்கு எங்கயும் வலிக்கலம்மா, கால் லேசாத்தான் இருந்துச்சு, நெஞ்சுத்துடிப்பு ஏறிடுச்சுன்னு கடிகாரம் காட்டுச்சு, அப்பாவுக்கும் முன்னாடி ஒண்ணுமே தெரியலையே, அப்புறம் நான் என் உடம்பை எப்படிம்மா நம்புறது என்று கேட்டாய். நான் மழையைப் பற்றிப் பேசினேன். இதைப் போனில் சொல்ல என்னால் முடியாது, அதனால் எழுதுகிறேன்.

அப்பாவுக்குத் தெரிந்திருந்தது ஜெருட்டோ. எல்டோரெட்டில் தேர்வு ஓட்டம் நடந்த அன்று விடியற்காலை, ஷூவின் கயிற்றைக் கட்டிக்கொண்டே, நெஞ்சுல கல்லை வச்ச மாதிரி இருக்கு தெக்லா, இன்னிக்கு வேணாம்னு தோணுது என்றார். நான்தான், பயம் வந்தா இப்படித்தான் ஏதாவது தோணும், ஒரு வருஷமா ஓடுனது எதுக்கு, கெளம்புங்க என்று விரட்டினேன். அவர் கயிற்றை இறுக்கி முடிந்துகொண்டு போய்விட்டார். ஒன்பதாவது கிலோமீட்டரில் விழுந்தார், பிறகு எழவேயில்லை. உனக்கு அப்போது எட்டு வயது. கேட்டவர்களிடமெல்லாம் சிரித்துக்கொண்டேதான் ஓடப் போனார், உடம்பில் ஒன்றுமே தெரியவில்லை என்றேன், உன்னிடமும் அதையே சொன்னேன். அந்தப் பொய்யை நம்பித்தான் நீ இத்தனை வருடம் உன் உடம்பையே சந்தேகப்பட்டு ஓடியிருக்கிறாய் என்று அந்த மாலைதான் எனக்குப் புரிந்தது.

கடிகாரத்தைக் கழற்று என்று சொல்லமாட்டேன். அது வேலை செய்யட்டும். ஒரு நல்ல இதய டாக்டரிடம் போய் எல்லாச் சோதனையும் செய்துகொள், அப்பாவின் கதையை ஒளிக்காமல் சொல். டாக்டர் ஓடலாம் என்றால் ஓடு. உன் உடம்பு சொல்வது உனக்குக் கேட்கும், அப்பாவுக்குக் கேட்டதே. கேட்க மறுத்தவள் நான்.

இதைப் படித்துவிட்டு நீ கொஞ்ச நாள் பேசாமல் இருந்தாலும் நான் தப்பாக நினைக்கமாட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போனைப் பக்கத்திலேயே வைத்திருப்பேன். ஆண்டவர் உன் மூச்சையும் காலையும் காக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே: என்றைக்காவது உன் நெஞ்சு வேண்டாம் என்றால் நில், அம்மாவே எதிரில் வந்து ஓடு என்றாலும் நில்.

உன் அம்மா,
தெக்லா